ஆடாமல் ஓடும் மின் மோட்டார்

இயந்திரம் என்றால் இரைச்சல் இருக்கத்தான் செய்யும், மோட்டார் என்றால் அதிரத்தான் செய்யும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். இளம்பிள்ளையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் சற்று அதிகமாகவே இருக்கும். தறி ஓசையிலேயே தூங்கி, தறி ஓசையிலேயே கண் விழிப்பவர்கள் அல்லவா நாம்! ஆயினும் மோட்டாரின் அதிர்ச்சி தெய்வ சங்கற்பம் அன்று. அதற்குக் காரணம் உண்டு. காரணம் இருப்பதால் பரிகாரமும் உண்டு. அப்பரிகாரத்தை நம் மாணவியர் வீட்டிலும் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் தம் கையாலேயே செய்து பார்க்க முடியும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

விஞ்ஞானக் கண்காட்சி வந்துவிட்டால் மின் மோட்டார் செய்யாத பள்ளி கிடையாது. சைக்கிள் சக்கரத்துக் கம்பியோ பின்னல் ஊசியோ அச்சு, தகரப் பட்டைகளை அடுக்கிச் செய்தது ஆர்மேச்சர், அதன்மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுற்று, பித்தளைக் குழாயைப் பிளந்து கம்யூட்டேட்டர், இருபுறமும் காந்தம். மின்கலத்தை இணைத்தவுடன் சுற்றும். சுற்றும்போதே மேசைமேல் மெல்ல நடக்கவும் தொடங்கும்! பார்வையாளர் வரும் நேரத்தில் ஒரு மாணவி அதைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சுற்றியதே போதும் என்று பரிசும் கொடுத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கையை எடுத்த பிறகும் மேசையில் அசையாமல் ஓடும் மோட்டாருக்குத்தான் முதற்பரிசு கொடுக்க வேண்டும்.

மோட்டாரைக் கையால் செய்து பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களுள் ஒருவர் கத்தோலிக்கத் துறவி என்பது நம் பள்ளியினர் அறிந்திருக்க வேண்டிய செய்தி. ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த ஆன்யோஷ் யெட்லிக் என்னும் ஆசீர்வாதப்பர் சபைக் குரு, 1828ஆம் ஆண்டளவில், மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் பொருட்டு ஒரு கருவியைச் செய்தார். நிலையாக நிற்கும் கம்பிச்சுருள், அதனுள்ளே சுழலும் மின்காந்தம், மின்னோட்டத்தின் திசையை மாற்றும் கம்யூட்டேட்டர் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. இன்றைய நேர்மின்னோட்ட மோட்டாரின் உறுப்புகளும் இவையே. நம் நாட்டில், அதுவும் நமக்குப் பக்கத்துக் கோவையில், ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் 1937ஆம் ஆண்டு மின் மோட்டாரை உருவாக்கினர். இந்தியாவில் உருவான முதல் மோட்டார் என்று அதைச் சொல்வர். இவர்களும் முதலில் கையால் செய்து பார்த்தவர்கள்தாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். மோட்டார் ஏன் ஆடுகிறது?

ஒரு கயிற்றின் முனையில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் அக்கல் நம் கையை வெளிப்புறமாக இழுக்கிறது. வேகம் கூடக்கூட இழுப்பும் கூடுகிறது. இதை மையவிலக்கு விசை என்று பாடத்தில் படித்திருக்கிறோம். வேகம் இரண்டு மடங்கானால் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நன்றாகச் சமன் செய்யப்பட்ட ஓர் ஆர்மேச்சரை எடுத்து, அச்சிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் 1 கிராம் எடையை மட்டும் கூடுதலாக ஒட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது அந்த ஒரு கிராம், ஏறக்குறைய 300 கிராம் எடை இழுப்பதுபோல் அச்சை இழுக்கும். அதுவும் ஒரே திசையில் அன்று. வினாடிக்கு 50 முறை மேலும் கீழும் வலமும் இடமுமாகச் சுற்றிச் சுற்றி இழுக்கும். 1500 சுற்றில் இதுவே 75 கிராம். 6000 சுற்றில் 1 கிலோ 200 கிராம். மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று ஓடுவது. அதன் ஆர்மேச்சரில் ஒரு கிராம் ஏறுமாறாக இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த இழுப்பைத் தாங்குவது யார்? பேரிங்கும் புஷ்ஷுமே. அவை தேய்ந்தால் அச்சு இன்னும் ஆடும். ஆட ஆட இன்னும் தேயும். கம்யூட்டேட்டரின்மேல் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும். தார் சுற்றும் இயந்திரத்தில் கதிர் ஆடினால் நூல் ஒரே சீராக இழுபடாது. அறுந்து அறுந்து முடிச்சுப் போடவேண்டி வரும், அல்லது தளர்ந்தும் இறுகியும் சுற்றிய தார் நாடாவில் போய்ச் சேலையில் கோளாறு செய்யும். தார் சுற்றுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிகளும் வயதானவர்களுமே. ஆகவே சிறிய மோட்டாரின் அதிர்ச்சி என்பது நம் ஊரில் பாடப் புத்தகத்தோடு நின்றுவிடும் பொருள் அன்று.

கையால் செய்த மோட்டாரில் இந்த எடை வித்தியாசம் எப்படி வருகிறது? இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பது சுற்று என்று எண்ணித்தானே சுற்றினோம் என்று மாணவியர் கேட்பார்கள். எண்ணிக்கை சரிதான். ஆனால் முதலில் சுற்றிய கம்பி அடியில் இருக்கும். பிறகு சுற்றியது அதன்மேல் ஏறி, அச்சிலிருந்து சற்றுத் தள்ளி உட்காரும். தள்ளி உட்கார்ந்த கம்பிக்கு நீளமும் கூடுதல், இழுப்பும் கூடுதல். வார்னிஷ் பூசிக் காயவைக்கும்போது ஒரு பக்கமாகக் கிடத்திவிட்டால், வழிந்து அப்பக்கமே தடித்துவிடும். தகரத்தில் துளை நடுவில் விழாமல் அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்திருக்கும். இவற்றுள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடுகிற மோட்டாருக்கெல்லாம் எடைச் சமன் இன்மையே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காயில் கட்டும் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நம் மாணவியிடம் சொன்னது இது: "மோட்டாரு ஆடுதுன்னா மொதல்ல போல்ட்டப் பாரு கண்ணு, ஆர்மேச்சர அப்புறம் பாக்கலாம்." பொன்னான பேச்சு. அடித்தளம் இறுக்கமாக இருக்கிறதா, அச்சு வளைந்திருக்கிறதா, புஷ் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றது. இன்னொரு எளிய சோதனையும் உண்டு. மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரத்தை நிறுத்துங்கள். நிறுத்திய அந்த நொடியே அதிர்ச்சி மறைந்தால் கோளாறு மின்சாரப் பக்கம். காந்த இழுப்பில் ஏற்றத்தாழ்வு, சுற்றில் பழுது என்று தேட வேண்டும். வேகம் குறையக் குறைய அதிர்ச்சியும் மெல்லக் குறைந்தால் அது எடையின் வேலை.

எடையின் வேலைதான் என்று தெரிந்துவிட்டால், முதலில் செய்ய வேண்டியது நிலைச் சமன். இது மிக எளிது. இரண்டு சவர பிளேடுகளையோ, இரும்பு அளவுகோல்களையோ ஒரே மட்டத்தில் இணையாக நிறுத்தி, அவற்றின் விளிம்பில் ஆர்மேச்சரின் அச்சைக் கிடத்துங்கள். கனமான பக்கம் தானே உருண்டு கீழே வரும். மேல் பக்கத்தில் சிறிது மெழுகு ஒட்டுங்கள். மறுபடி கிடத்துங்கள். எந்த நிலையில் விட்டாலும் உருளாமல் அப்படியே நிற்கும்வரை மெழுகைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். தராசைச் சமன் செய்வது போன்ற வேலைதான்.

இத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்து மோட்டாரை ஓட்டினால், சில மோட்டார்கள் அமைதியாக ஓடும். சில முன்னைப் போலவே ஆடும். நிலைச் சமன் சரியாக இருந்தும் ஏன் ஆட வேண்டும்? இங்கேதான் இயக்கச் சமன் என்னும் கருத்து பிறக்கிறது.

உங்கள் வீட்டு உருளை வடிவச் சப்பாத்திக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடது முனையில் மேல் பக்கம் ஒரு புளியங்கொட்டையை ஒட்டுங்கள். வலது முனையில் கீழ்ப் பக்கம் அதே எடையுள்ள இன்னொரு புளியங்கொட்டை. பிளேடு விளிம்பில் கிடத்தினால் கட்டை உருளாது. மேலே ஒன்று, கீழே ஒன்று, கணக்குச் சரி. ஆனால் அதைச் சுழற்றினால்? இடது முனை மேலே இழுக்கப்படும்போது வலது முனை கீழே இழுக்கப்படும். அரைச் சுற்றில் இது தலைகீழாகும். கட்டை தன் நடுவை மையமாகக் கொண்டு, துடுப்புப் போடுவதுபோல் இரு முனையும் மாறி மாறி ஆடும். நின்ற நிலையில் ஒளிந்திருந்த குற்றம் ஓடும்போது வெளிப்படுகிறது. ஓடவிட்டுத்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். ஆகவேதான் இயக்கச் சமன் என்று பெயர். தட்டுப்போல் ஒடுங்கிய சக்கரத்துக்கு நிலைச் சமனே பெரும்பாலும் போதும். நீண்ட உருளை போன்ற ஆர்மேச்சருக்கு இரு முனைகளிலும், அதாவது இரண்டு தளங்களில், தனித்தனியே திருத்தம் வேண்டும்.

தொழில் உலகம் இதை அறிந்து கருவி செய்யச் சிறிது காலம் பிடித்தது. கனடா நாட்டு ஹென்றி மார்ட்டின்சன் என்பவர் 1870இல் சமன் செய்யும் முறை ஒன்றுக்கு உரிமம் பெற்றார். பிறகு ஜெர்மானியரான பிரான்ஸ் லவாச்செக் அமைத்த முறையை, டார்ம்ஸ்டாட் நகரத்துக் கார்ல் ஷெங்க் நிறுவனம் 1908இல் வாங்கி இயந்திரமாக்கியது. இன்று மோட்டார் தொழிற்சாலைகளில் ஆர்மேச்சரைத் தூக்கி வைத்துச் சுழற்றினால், எந்தத் தளத்தில், எந்தக் கோணத்தில், எத்தனை மில்லிகிராம் என்று திரையிலேயே எழுதிக் காட்டும் இயந்திரங்கள் உள்ளன. பழுதடைந்த மிக்ஸி ஆர்மேச்சர் கிடைத்தால் உற்றுப் பாருங்கள். இரும்புப் பகுதியில் சிறு பள்ளம் செதுக்கியிருக்கும், அல்லது கம்பிச் சுற்றின்மேல் ஏதோ பசை அப்பியிருக்கும். அவை கவனக் குறைவால் வந்தவை அல்ல, சமன் செய்த அடையாளங்கள்.

நம்மிடம் அந்த இயந்திரம் இல்லை. மரப்பலகை ஒன்று, ஒரு பென்சில், ஒரு துண்டு ஸ்பாஞ்சு, சிறு கண்ணாடித் துண்டு, ஒரு டார்ச் விளக்கு இருக்கின்றன. இவை போதும்.

ஓரடி நீளப் பலகையின்மேல் மோட்டாரை, அச்சு பலகையின் நீளவாக்கில் இருக்குமாறு, நன்றாகத் திருகி விடுங்கள். ஆர்மேச்சரின் இடது முனைக்கு நேர் கீழே, பலகைக்கு அடியில், பென்சிலைக் குறுக்காக வையுங்கள். வலது முனைக்கு அடியில் ஸ்பாஞ்சு. இப்போது பலகை பென்சிலை ஆதாரமாகக் கொண்டு ஏற்றப் பலகைபோல் மேலும் கீழும் ஆட முடியும். இதில் ஒரு நுட்பம் உள்ளது. இடது முனையில் உள்ள கூடுதல் எடை பென்சிலுக்கு நேர் மேலேயே இருப்பதால், அது எவ்வளவு இழுத்தாலும் பலகையை ஆட்ட முடியாது. நெம்புகோல் பாடத்தில், ஆதாரப் புள்ளியின்மேல் அமுக்கினால் நெம்புகோல் அசையாது என்று படித்தோமே, அதேதான். ஆகவே பலகை ஆடினால் அது முழுவதும் வலது முனையின் குற்றம். ஒன்றின் பழியை மற்றொன்றின்மேல் போடாமல் பிரித்துக் காட்டிவிடுகிறது இந்தப் பென்சில்!

ஆட்டத்தை அளப்பது எப்படி? பலகையின்மேல் கண்ணாடித் துண்டை ஒட்டி, டார்ச்சின் முகத்தைக் கருப்புத் தாளால் மூடி ஊசித்துளை இட்டு, ஒளிக்கதிரைக் கண்ணாடியில் விழச் செய்யுங்கள். எதிர்ச் சுவரில் ஒளிப்புள்ளி தெரியும். மோட்டார் ஓடும்போது அப்புள்ளி நீண்டு ஒரு கோடாகும். கண்ணாடி திரும்பும் கோணத்தைப் போல் இரு மடங்கு ஒளிக்கதிர் திரும்புவதாலும், சுவர் தொலைவில் இருப்பதாலும், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் மில்லிமீட்டர் கணக்கில் கோடாக விழும். தற்காலக் கைப்பேசிகளில் அதிர்ச்சியை உணரும் நுண்கருவி உள்ளது. அதைப் பலகையில் கட்டி வைத்தும் அளக்கலாம். ஆனால் எண்ணைத் திரையில் படிப்பதைவிடச் சுவரில் கோடு சுருங்குவதைக் காண்பதே எனக்கு மகிழ்ச்சி தருவது.

எவ்வளவு ஆட்டம் என்பது தெரிந்துவிட்டது. கனம் எந்தக் கோணத்தில் இருக்கிறது? இதற்கு நான்கு ஓட்டம் போதும். முதலில் எதுவும் ஒட்டாமல் ஓட்டிக் கோட்டின் நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆர்மேச்சரின் வலது முனையில், வட்டத்தைச் சம பங்காகப் பிரித்து, 0, 120, 240 பாகைகளில் 1, 2, 3 என்று அடையாளம் இடுங்கள். அரை கிராம் மெழுகை முதல் அடையாளத்தில் ஒட்டி ஓட்டி அளந்து எடுத்துவிடுங்கள். அதே மெழுகை இரண்டாவதில், பிறகு மூன்றாவதில். நான்கு ஓட்டத்திலும் வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். மின்கலம் தளர்ந்து வேகம் குறைந்தால் கணக்கே தவறிவிடும். ஆகவே எலிமினேட்டர் நல்லது. வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை நேரே இணைப்பதை நினைக்கவும் வேண்டாம். மெழுகு தெறிக்கக்கூடும், சுழலும் முனைக்கு நேராக முகத்தை வைக்காமல், பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்னலை முடிந்து போட்டுக்கொள்வதும் அவசியம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். எதுவும் ஒட்டாதபோது கோடு 6 மி.மீ.; மெழுகு 1இல் இருந்தபோது 6.2, 2இல் 4.2, 3இல் 8.9 என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். அதன் பரிதியில் 0, 120, 240 பாகைகளில் மூன்று புள்ளிகள். முதற் புள்ளியை மையமாகக் கொண்டு 6.2 செ.மீ. ஆரத்தில் ஒரு வில், இரண்டாவதிலிருந்து 4.2, மூன்றாவதிலிருந்து 8.9. மூன்று விற்களும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளும். இந்தக் கணக்கில் அந்த இடம் மையத்திலிருந்து 3 செ.மீ. தூரத்தில், முதல் அடையாளத்திலிருந்து இரண்டாவதை நோக்கி 80 பாகையில் விழுகிறது. மையத்திலிருந்து அந்தப் புள்ளியைக் காட்டும் திசையே திருத்த எடையை வைக்க வேண்டிய திசை. எடை எவ்வளவு? ஒட்டிப் பார்த்த அரை கிராமை 6ஆல் பெருக்கி 3ஆல் வகுக்க வேண்டும்; 1 கிராம் வருகிறது. 80 பாகையில் 1 கிராம் ஒட்டி ஓட்டினால் சுவரில் உள்ள கோடு சுருங்கிப் புள்ளியாகும். ஒரேயடியாகப் புள்ளியாகாவிட்டால் மிச்சம் இருப்பதற்கு இன்னொரு முறை செய்யலாம். கவராயம் பிடிக்கத் தெரிந்த ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இதில் கடினம் எதுவும் இல்லை. வடிவியல் எதற்குப் படிக்கிறோம் என்று வகுப்பில் கேட்பவர்களுக்கு இந்தப் படத்தை வரையச் சொல்லலாம்!

வலது முனை முடிந்ததும் பென்சிலை அதன் கீழே மாற்றி, ஸ்பாஞ்சை இடது பக்கம் வைத்து, இடது முனைக்கும் இவ்வாறே செய்ய வேண்டும். இடது பக்கம் ஒட்டும் எடை வலது பக்கத்தில் செய்த திருத்தத்தைக் கெடுக்காது. இரண்டு சுற்று வேலையில் இயக்கச் சமன் கைகூடும்.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்ப லேசாகத் தள்ளினாலே அது உயர உயர ஆடுவதைக் கண்டிருக்கிறோம். ஸ்பாஞ்சின்மேல் உள்ள பலகைக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. மோட்டாரின் சுழற்சி அந்தத் தாளத்தோடு பொருந்தும் வேகத்தில் பலகை பேயாட்டம் ஆடும்; வேகம் சிறிது மாறினாலும் அளவு பெரிதும் மாறும். அந்த வேகத்தைத் தாண்டி, அமைதி அடைந்த வேகத்தில்தான் அளக்க வேண்டும். சில பட்டறைகளில் ஓடும் அச்சின் அருகே சாக்குக் கட்டியைப் பிடித்து, எங்கே கோடு விழுகிறதோ அங்கே கனம் என்று சொல்வதுண்டு. தாள வேகத்துக்குக் கீழே ஓடும்போது அது சரி. மிக மேலே ஓடும்போது நேர் எதிர். சாக்குக் கோடு விழுவது இலேசான பக்கத்தில். நான்கு ஓட்ட முறையில் இந்தக் குழப்பம் இல்லை.

எவ்வளவு சமன் செய்தால் போதும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேச அமைப்பு அளவு வகுத்திருக்கிறது. சிறு மோட்டார்களுக்கும் மின் விசிறிகளுக்கும் அது கூறும் 'ஜி 6.3' என்ற தரத்தின்படி, 3000 சுற்றில் ஓடும் ஆர்மேச்சரின் எடை மையம் அச்சிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது. 200 கிராம் ஆர்மேச்சரில், அச்சிலிருந்து 2 செ.மீ. தூரத்தில், இது 0.2 கிராம். அதாவது ஏறக்குறைய பத்து அரிசி மணி எடை. பலகையும் பென்சிலும் கொண்டு, பொறுமையாகச் செய்தால், நாமும் இந்த அளவை எட்டிப் பார்க்கலாம்.

கடைசியாக, மெழுகை அப்படியே விட்டுவிடக் கூடாது. மோட்டார் சூடேறினால் அது உருகி ஓடிவிடும். மெழுகை எடுத்து நகைக்கடைத் தராசில் எடை பார்த்து, அதே எடைக்கு ஈயப் பற்றுக் கம்பியை அதே தூரத்தில் இறுகக் கட்டி, அரால்டைட் பசையால் மூடி ஓர் இரவு காயவிடுங்கள். பசைக்கும் எடை உண்டு என்பதால் அதையும் கணக்கில் சேர்த்து, ஈயத்தை அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த பின் மறுபடி ஒரு முறை பலகையில் ஏற்றிச் சுவரைப் பார்த்துவிட்டு, மோட்டாரைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.